அரசற்ற மொழியின் ஆசனம்: அயல்நாட்டுக் கல்லூரிகளில் இத்தாலியக் கல்வி வேரூன்றிய வரலாறு

ஒரு மொழி அயல்நாட்டுக் கல்லூரிகளிற் பாடமாக ஏற்கப்படுவதற்கு அம்மொழிக்குரிய அரசின் படைபலமோ வணிகபலமோ சமயபலமோ பின்னணியாக நிற்பது வரலாற்றிற் பெருவழக்கு. ஆங்கிலமும் பிரெஞ்சும் கப்பலோடும் கொடியோடும் சென்றன. இலத்தீன் திருச்சபையின் துணையோடு சென்றது. இத்தாலிய மொழியின் கதை வேறு. 1825 இல் நியூயோர்க்கிலும் 1828 இல் இலண்டனிலும் அம்மொழிக்கெனப் பேராசிரியர் பதவிகள் தோன்றியபோது இத்தாலி என்றோர் அரசே இருக்கவில்லை. ஆஸ்திரியப் பேரரசு, பாப்பரசர், நேப்பிள்ஸ் மன்னர், பல சிற்றரசர் ஆகியோரிடையே கூறுபட்டுக் கிடந்த தீபகற்பம் அது. அங்கிருந்து துரத்தப்பட்டவர்களே அம்மொழியைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தனர். அவ்வாறு வந்த மொழி, பின்னர் அதே நாட்டு ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் வந்திறங்கியபோது அவர்களை அடையாளங்காணத் தவறிற்று என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். பெரும்பாலும் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய இரு நாடுகளையும் கருத்திற்கொண்டு இதனை இங்கு நோக்குவோம்.

இத்தாலிய இலக்கியத்தைப் பொதுநிதியிற் கற்பிக்கும் முயற்சி அயல்நாட்டில் தொடங்கியதன்று. 1373 ஆம் ஆண்டிற் புளோரன்ஸ் நகரத்தார் சிலர் தம் நகராட்சியிடம் விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பித்தனர். தாந்தேயின் காவியத்தை இலத்தீன் அறியாதவரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைக்கத் தகுந்த அறிஞர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள். ஆண்டுக்கு நூறு புளோரின் ஊதியத்தில் முதுமையும் நோயும் வாய்க்கப்பெற்றிருந்த போக்காச்சியோ அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திற் புனித ஸ்தேவான் ஆலயத்தில் அவர் விரிவுரைகளைத் தொடங்கினார். நரக காண்டத்தின் பதினேழாம் படலத்துடன் நோய் அவரை நிறுத்திற்று. 1375 இல் அவர் மறைந்தார். உயர்ந்த பொருளைத் தகுதியற்ற பாமரருக்குத் திறந்துகாட்டினார் என்ற கண்டனத்தையும் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. இக்கண்டனம் தம்மை உறுத்தியதை அவரே சில கவிதைகளிற் பதிவுசெய்துள்ளார். இலக்கியக் கல்வி யாருக்குரியது என்ற வினா இப்பாடத்தின் முதல் வகுப்பிலேயே எழுந்துவிட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மற்றொன்றும் கூறவேண்டும். நகரம் செலவிட்டுக் கேட்ட அக்காவியத்தின் ஆசிரியரை 1302 இல் அதே நகரமே நாடுகடத்தி, பிடிபட்டால் எரித்துக் கொல்லுமாறு தீர்ப்பளித்திருந்தது. அவர் 1321 இல் இராவென்னாவிற் காலமானார். அவரது எலும்புகள் இன்றும் அங்கேயே உள்ளன. அத்தீர்ப்பை நீக்குமாறு புளோரன்ஸ் நகரசபை தீர்மானம் நிறைவேற்றியது 2008 இல்தான்! அகதி ஒருவரின் நூலே இப்பாடத்தின் மூலநூலாக அமைந்தமை தற்செயலாயினும், பின்னர் அதனைக் கற்பித்தோரின் வாழ்வை நோக்குங்கால் அத்தற்செயல் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகின்றது.

இலக்கியம் இவ்வாறாக, மொழி கற்பித்தலுக்கென முதல் ஆசனம் ஏற்பட்ட கதை மேலும் சுவையானது. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1580 களின் முடிவில், சியெனா நகரின் கல்விக்கூடத்தில் தொஸ்கான மொழிக்கென ஒரு பதவி நிறுவப்பட்டு தியோமேதே போர்கேசி என்பார் அதில் அமர்ந்தார். அவரிடம் பயிலவேண்டியோர் இத்தாலியர் அல்லர். சட்டம் முதலியன கற்க அங்கு வந்திருந்த ஜேர்மன் மாணவர்கள். இலத்தீனே கல்விமொழியாயிருந்த அந்நாளிற் சொந்த மக்களுக்கு அவர்தம் பேச்சுமொழியைக் கல்லூரியிற் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. அயலாருக்கே அது பாடமாகத் தேவைப்பட்டது. அயலாருக்கு இத்தாலியம் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று சியெனாவில் இன்றும் இயங்கிவருதல் இங்கு குறிப்பிடத்தக்கது.

‘இத்தாலிய மொழி’ என்று நாம் இதுகாறும் கூறிவந்தது யாது? இவ்வினாவைத் தெளிவுபடுத்தாது மேற்செல்லுதல் இயலாது. 1525 இல் வெளிவந்த தமது உரைநடை நூலிற் பியெத்ரோ பெம்போ, செய்யுளுக்குப் பெத்ராக்காவையும் உரைநடைக்குப் போக்காச்சியோவையும் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என வாதிட்டார். அதாவது, தமக்கு இருநூறு ஆண்டு முந்திய புளோரன்ஸ் வழக்கையே எழுத்துமொழியாக வரையறுத்தார். அவர் வெனிசு நகரத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1583 அளவில் தோன்றிய குரூஸ்காக் கழகம் 1612 இல் வெளியிட்ட பேரகராதி அவ்வரையறைக்கு அரண் செய்தது. மக்களோ வெனிசியம், மிலானியம், நாப்போலியம், சிசிலியம் என ஒருவர்க்கொருவர் எளிதிற் புரியாத மொழிகளையே பேசிவந்தனர். மிலானில் வளர்ந்த மன்சோனி தமது பெருநாவலின் மொழியைத் திருத்துவதற்காக 1827 இற் புளோரன்சுக்குச் சென்று தங்கினார். திருத்திய பதிப்பு 1840 இற்கும் 1842 இற்கும் இடையில் வெளிவந்தது. 1861 இல் நாடு ஒன்றிணைந்தபோது இத்தாலியத்தைப் பேச வல்லோர் மக்களுள் நூற்றுக்கு 2.5 பங்கினரே என மொழியியலறிஞர் துல்லியோ தெ மௌரோ 1963 இற் கணித்தார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அவ்வளவைப் பத்துக்கு அண்மையாக உயர்த்தியுள்ளனர். எக்கணக்கைக் கொள்ளினும், பெரும்பாலான இத்தாலியருக்கே இத்தாலியம் பள்ளியிற் கற்கவேண்டிய மொழியாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

தமிழ் வாசகர்க்கு இந்நிலை அந்நியமானதன்று. மாந்துவாப் பகுதியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 இற் பிறந்து தமிழகம் வந்த பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என அறிந்த அவர், கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணத்தையும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணத்தையும் இலத்தீனிற் தனித்தனியே எழுதிவைத்தார். வீட்டில் ஒரு மொழியும் நூலில் மற்றொரு மொழியுமாக விளங்கிய நாட்டிலிருந்து வந்தவர் அவர் என்பதை நினைவிற் கொள்வோர்க்கு அப்பகுப்பு வியப்பளிக்காது. இது நிற்க.

அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தாலியம் கற்பித்த முதல்வர் யார் என்பதிற் சிறு குழப்பம் உண்டு. வேர்ஜீனியாவின் வில்லியம் அன்ட் மேரிக் கல்லூரியிற் புளோரன்ஸ் நகரத்தவரான கார்லோ பெல்லினி 1779 இல் நவீன மொழிகளின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவ்வேளை வேர்ஜீனியாவின் ஆளுநராயிருந்த தோமஸ் ஜெபர்சனின் நட்பு அதற்குத் துணைநின்றது. எனினும் அவர் பல மொழிகளுக்கும் பொதுவான ஆசிரியர். இத்தாலியத்துக்கெனவே பேராசிரியர் என்ற பட்டத்தை முதன்முதற் பெற்றவர் நியூயோர்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் 1825 இல் நியமனம் பெற்ற லொரென்சோ தா பொன்தே ஆவார்.

இவருடைய வாழ்வு சற்று விரித்துரைக்கத் தக்கது. வெனிசுக் குடியரசின் செனேதா என்னும் ஊரில் 1749 இல் யூதக் குடும்பமொன்றில் எமனுவேலே கொனெலியானோ என்ற பெயருடன் பிறந்தார். தந்தையார் கிறித்தவப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பி 1763 இற் குடும்பத்தோடு மதம் மாறியபோது, ஞானஸ்நானம் கொடுத்த ஆயரின் பெயரே மைந்தனுக்கும் சூட்டப்பட்டது. 1773 இற் குருப்பட்டம் பெற்றார். குருத்துவத்துக்கு ஒவ்வாத ஒழுக்கத்தால் 1779 இல் வெனிசிலிருந்து நாடுகடத்தப்பட்டார். வியன்னா சென்று பேரரசர் இரண்டாம் யோசேப்பின் அரங்கக் கவிஞரானார். மொசாற் இசையமைத்த ‘பிகாரோவின் திருமணம்’ (1786), ‘தொன் ஜொவான்னி’ (1787), ‘கோசீ பான் தூத்தே’ (1790) ஆகிய மூன்று இசைநாடகங்களுக்கும் பாடல்நூல் யாத்தவர் இவரே. பேரரசர் மறைந்தபின் ஆதரவிழந்து இலண்டன் சேர்ந்தார். அங்குக் கடன்சுமை தாங்காது 1805 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கு அவர் முதலிற் செய்தது பலசரக்கு வியாபாரம். பேரரசருக்காகப் பாட்டெழுதிய கை தேயிலையும் புகையிலையும் நிறுத்துக் கொடுத்ததைப் பிற்காலத்திற் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே நகைத்து எழுதியுள்ளார். வியாபாரம் நட்டமடைந்தது. நியூயோர்க்கின் புத்தகக்கடை ஒன்றில் அவர் சந்தித்த இளைஞர் கிளெமென்ற் மூர் என்பார், கொலம்பியாக் கல்லூரியோடு நெருங்கிய குடும்பத்தவர். அவர் மூலம் இத்தாலியம் கற்க விரும்பிய செல்வர் வீடுகளின் கதவுகள் திறந்தன. தா பொன்தே தம் மனைவியோடு வீட்டிலேயே வகுப்புகள் நடத்தினார். இத்தாலியிலிருந்து நூல்கள் தருவித்து விற்றார். மாணவரைக் கொண்டு நாடகங்கள் நடிப்பித்தார். அமெரிக்க மண்ணிற் தாந்தேயை முறையாகக் கற்பிக்கத் தொடங்கியவர் இவரே என்று பொதுவாகக் கருதப்படுகின்றது.

1825 இல் வந்த பேராசிரியர் பதவி பெயரளவிற் பெரிது, ஊதியமோ இல்லை. விரும்பிவரும் மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். பாடம் பட்டத்துக்குக் கட்டாயமானதன்று. கிரேக்கமும் இலத்தீனும் கற்று வழக்கறிஞராகவும் போதகராகவும் விரும்பிய இளைஞருக்கு இத்தாலியம் ஓர் அலங்காரம் மட்டுமே. மாணவர் வரவு விரைவிற் குன்றிற்று. மாணவரும் ஊதியமும் இல்லாத அப்பட்டத்தை 1838 இல் தமது 89 ஆம் வயதில் இறக்கும்வரை அவர் தாங்கியிருந்தார். அவருடைய புதைகுழி இருந்த இடம்கூட இன்று உறுதியாகத் தெரியாது. அவர் ஏட்டளவிற் பேராசிரியராக இருந்தார் எனச் சிலர் குறைத்துக் கூறுவர். அது சரியான மதிப்பீடாகாது. நூலகத்துக்கு இத்தாலிய நூல்கள் சேர்ந்தமை, 1826 இல் ‘தொன் ஜொவான்னி’ நியூயோர்க்கில் மேடையேறியமை, இத்தாலிய இசைநாடகத்துக்கென 1833 இல் அந்நகரில் ஓர் அரங்கம் எழுந்தமை ஆகிய யாவும் அவர் முயற்சியோடு தொடர்புடையன. வகுப்பறை வெறுமையாயிருந்த காலத்தில் அவர் வகுப்பறைக்கு வெளியே கற்பித்தார் என்பதே பொருந்தும்.

இதே ஆண்டுகளில் இலண்டனில் நிகழ்ந்தது அரசியல் வரலாற்றோடு நேரடியாகப் பிணைந்தது. 1820–21 இல் நேப்பிள்சிலும் பியெமொந்தேயிலும் எழுந்த புரட்சிகள் நசுக்கப்பட்டபின் தப்பியோடியவர்கள் பலர் இங்கிலாந்தில் ஒதுங்கினர். கற்றவர்க்கு அங்குக் கிடைத்த பிழைப்பு மொழி கற்பித்தல் ஒன்றே. பியெமொந்தேப் புரட்சியின் தலைவரான சாந்தாரோசா பிரபுவும் நொட்டிங்காம் நகரில் மொழியாசிரியராகக் காலந்தள்ள முயன்று, பின் கிரேக்க விடுதலைப் போருக்குச் சென்று 1825 இல் மாண்டார். முன்னரே வந்திருந்த பெருங்கவிஞர் உகோ பொஸ்கோலோ 1827 இல் வறுமையில் இறந்தார்.

இவ்வகதிகளுள் அந்தோனியோ பனித்சி மோதேனா நாட்டுச் சட்டத்தரணி. இரகசியச் சங்கத்திற் சேர்ந்திருந்த குற்றத்துக்காக அவர் இல்லாதபோதே 1823 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. விசாரணைக்கும் தண்டனைக்கும் ஆன செலவைச் செலுத்துமாறு மோதேனா அதிகாரிகள் அவருக்கே கணக்கு அனுப்பினர் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. லிவர்பூலில் வீட்டுவகுப்புகள் நடத்தி வாழ்ந்த அவர், சமயச் சோதனையின்றி யாவரையும் ஏற்பதாகத் தொடங்கிய இலண்டன் பல்கலைக்கழகத்தில் – இன்றைய யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் – 1828 இல் இத்தாலியப் பேராசிரியரானார். அங்கும் மாணவர் மிகச் சிலரே. வருவாய் போதாமையால் 1831 இற் பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்திற் சேர்ந்தார். 1856 இல் அதன் தலைமைப் பதவியை எய்தினார். 1857 இற் திறக்கப்பட்ட வட்ட வாசிகசாலை அவர் கருத்திற் பிறந்தது. இத்தாலிய வகுப்பு நிறைந்திருந்தால் உலகம் ஒரு பெருநூலகரை இழந்திருக்கும் எனலாம்!

கிங்ஸ் கல்லூரியில் 1831 முதல் 1847 வரை பதவி வகித்த நாப்போலிக் கவிஞர் கப்ரியேலே ரொசெத்தி வேறொரு வகையினர். தாந்தேயின் காவியம் பாப்பரசருக்கு எதிரான இரகசியச் சங்கமொன்றின் குறிச்சொற்களால் ஆனது என நிறுவுவதிலேயே தம் ஆய்வைச் செலவிட்டார். இக்கொள்கையை இன்று ஏற்பாரில்லை. ஆயினும் இரகசியச் சங்கங்களின் உலகிலிருந்து வந்த ஒருவர் தம் கவிஞரையும் அவ்வுலகத்தவராகவே கண்டார் என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஓவியரும் கவிஞருமான தாந்தே கப்ரியேல் ரொசெத்தியும் கவிஞர் கிறிஸ்தீனாவும் அவர்தம் மக்கள். பழைய பல்கலைக்கழகங்களான ஒக்ஸ்போட்டிலும் கேம்பிறிட்ஜிலும் இத்தாலியப் பேராசிரியர் ஆசனங்கள் முதலாம் உலகப்போரின் முடிவையொட்டியே ஏற்பட்டன. அவற்றுக்குப் பணமளித்தவர் கப்பல் வணிகரான ஆதர் சிரேனா. அவர் வெனிசிய அகதி ஒருவரின் மகன்.

ஹாவார்ட் கல்லூரியின் கதையும் சிசிலிய அகதியான பியெத்ரோ பாக்கியோடு தொடங்குகின்றது. 1826 முதல் 1846 வரை அவர் அங்குப் போதனாசிரியராயிருந்தார். ஆங்கிலத்தில் இலக்கண நூல்களே அருகியிருந்த காலம் அது. போடொயின் கல்லூரியிற் கற்பித்த இளம் லோங்பெலோ தம் மாணவருக்காக 1832 இல் வெளியிட்ட இத்தாலிய இலக்கணச் சுருக்கம் பிரெஞ்சு மொழியில் அமைந்திருந்தது. பின்னர் ஹாவார்ட்டிற் பேராசிரியராகி ஓய்வுபெற்ற அக்கவிஞர், 1861 இல் மனைவியைத் தீ விபத்திற் பறிகொடுத்த துயரில் தாந்தேயின் மொழிபெயர்ப்பிற் தஞ்சம் புகுந்தார். லோவெல், நோர்ட்டன் முதலிய நண்பர்கள் அவர் வீட்டிற் கூடி அடியடியாகத் திருத்த, 1867 இல் அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது. 1881 இற் கேம்பிறிட்ஜ் நகரில் தாந்தேச் சங்கம் நிறுவப்பட்டபோது லோங்பெலோவே முதற் தலைவரானார். இவ்வாறாக இத்தாலியம் அமெரிக்க உயர்குடிக் கல்வியின் மணிமுடியாயிற்று. அகதியின் பிழைப்பாயிருந்தது அறிஞரின் வழிபாடாக மாறிற்று.

அந்த வழிபாட்டுக் காலத்திலேயே இத்தாலியரின் பெருங்குடியேற்றமும் நிகழ்ந்தது. 1880 இற்கும் 1920 இற்கும் இடையில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவில் வந்திறங்கினர். பெரும்பாலோர் தெற்கு மாகாணங்களின் நிலமற்ற உழவர். தத்தம் ஊர்மொழியன்றி வேறறியாதவர். தாந்தேயை மூலத்திற் படித்த கல்விமான், தம் வீதியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த கலாப்பிரியத் தொழிலாளியின் பேச்சை இத்தாலியம் என்றே ஏற்கவில்லை. தொழிலாளிக்கோ கல்லூரி எட்டாக்கனி. ஒரே நகரில் ஒரே பெயரால் வழங்கிய இரு மொழிகள் ஒன்றையொன்று அறியாது வாழ்ந்தன.

இவ்விடைவெளியிற் பாலமிட முயன்றோருள் தலையாயவர் லெனார்ட் கொவெல்லோ. பசிலிக்காத்தாவின் அவிலியானோவில் 1887 இற் பிறந்து, ஒன்பது வயதிற் கிழக்கு ஹார்லெத்துக்கு வந்தார். லெயொனார்தோ கொவியெல்லோ என்ற பெயரைப் பள்ளி ஆசிரியை உச்சரிக்க எளிதாகவேண்டி ஓர் உயிரெழுத்தை நீக்கிச் சுருக்கினார். அதை அறிந்த தந்தையார் சினந்தார். மகனோ அதனைப் பொருட்படுத்தவில்லை. தாய்தந்தையர் பேசும் மொழியைத் தோழர் முன் கேட்க நேர்ந்தால் நாணிய அவ்விளமைப் பருவத்தை 1958 இல் வெளியான தன்வரலாற்றில் அவர் மறைக்காது எழுதியுள்ளார். கொலம்பியாவிற் பட்டம்பெற்று டிவிற் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியிற் பிரெஞ்சும் ஸ்பானியமும் கற்பிக்கலானார். தம் மாணவர் பலர் இத்தாலியப் பிள்ளைகளாயிருந்தும் இத்தாலியம் பாடமாக இல்லாமை அவரை உறுத்திற்று. வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்குவித்தார். பிள்ளை ஆங்கிலம் கற்று முன்னேறட்டும், எமது பேச்சு எம்மோடு போகட்டும் என்று எண்ணிய பெற்றோரை இணங்குவித்தலே அதிகாரிகளை இணங்குவித்தலிலும் கடினமாயிருந்தது. 1922 இல் நியூயோர்க் கல்விச்சபை பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகியவற்றுக்கு நிகரான தகுதியை இத்தாலியத்துக்கு வழங்கிற்று.

ஈண்டு ஒரு முரண்பாடு உண்டு. கொவெல்லோவின் வகுப்பிற் கற்பிக்கப்பட்டது பெம்போ வழிவந்த தொஸ்கான மொழி. அவிலியானோவின் பேச்சு அங்கும் இடம்பெறவில்லை. தம் சொந்த மொழி என்று நம்பிச் சேர்ந்த மாணவன், தன் தாய் கூறும் சொற்கள் பிழையெனத் திருத்தப்படுவதைக் கண்டான். கொவெல்லோ இதனை அறியாதவரல்லர். பொதுவான ஒரு மொழி இன்றி, ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த அம்மக்களுக்குப் பொதுக் குரல் கிட்டாது என அவர் கருதியிருத்தல் கூடும். அவருடைய முடிவு நடைமுறைக்கு உகந்தது என்பதே என் கருத்து. அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதும் உண்மையே.

கொலம்பியாவில் இத்தாலிய மாணவரிடையே எழுந்த இயக்கத்தின் பயனாக 1927 இல் ‘காசா இத்தாலியானா’ என்னும் இத்தாலிய இல்லம் திறக்கப்பட்டது. கட்டடத் தொழிலிற் செல்வந்தரான பத்தெர்னோ சகோதரர் முதலியோர் அதனை எழுப்பினர். குடியேறியோரின் உழைப்பும் கல்லூரியின் புகழும் முதன்முறையாக ஒரு கூரையின்கீழ் வந்தன. ஆயின் இப்போது மொழிக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது. அது முசோலினியின் அரசு. எழுத்தாளர் ஜுசெப்பே பிரெத்சோலினி 1930 முதற் பத்தாண்டு அவ்வில்லத்தை இயக்கினார். அது பாசிசப் பிரசார நிலையமாகிவிட்டது என்று 1934 இல் ‘நேசன்’ சஞ்சிகை குற்றஞ்சாட்ட, பல்கலைக்கழகத் தலைவர் பட்லர் மறுத்தார். குற்றச்சாட்டு முழுவதும் உண்மையெனக் கொள்ளாவிடினும், அரசின் அன்பளிப்புகளுக்கும் அழைப்புகளுக்கும் நன்றி பாராட்டும் நிலையிலிருந்த துறை ஒன்று அவ்வரசைப்பற்றி என்ன பேசியிருக்க முடியும் என்ற வினா எஞ்சுகின்றது.

மறுபுறம் பழைய மரபும் மீண்டது. 1931 இற் பாசிச அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு பேராசிரியர்கள் பணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,200 பேருள் மறுத்தவர் பன்னிருவர் அளவினரே. அவ்வேளை அமெரிக்காவிலிருந்த திறனாய்வாளர் போர்கேசே நாடு திரும்பாது அங்கேயே கற்பித்தார். முன்னரே நாடுநீங்கிய வரலாற்றறிஞர் சல்வேமினி ஹாவார்ட்டில் இத்தாலிய நாகரிகத்துக்கான விரிவுரையாளரானார். அப்பதவி லௌரோ தெ போசிஸ் என்னும் இளங்கவிஞரின் நினைவாக நடிகை றூத் டிறேப்பரின் நிதியால் நிறுவப்பட்டது. 1931 ஒக்ரோபரில் உரோமாபுரியின் மேற் தனியே விமானத்திற் பறந்து துண்டுப்பிரசுரங்களைத் தூவிய அக்கவிஞர் பின் திரும்பி வரவேயில்லை. தா பொன்தேயின் பட்டத்துக்கு ஊதியம் இல்லை. சல்வேமினியின் ஊதியம் ஒரு மரணத்தின் நினைவாக வந்தது.

போர் மூண்டதும் இத்தாலியம் பகைவர் மொழிகளுள் ஒன்றாயிற்று. அதைப் பேசற்க என்னும் சுவரொட்டிகள் இத்தாலியக் குடியிருப்புகளிற் காணப்பட்டன. குடியுரிமை பெறாத ஆறு இலட்சம் இத்தாலியர்மீது விதிக்கப்பட்ட பகைநாட்டார் நிலை 1942 ஒக்ரோபரில் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே படையினருக்கான மொழிப்பயிற்சித் திட்டத்தின்கீழ் அதே மொழியைக் கல்லூரிகள் விரைந்து கற்பித்தன. தாய் மகனோடு வீதியிற் பேச அஞ்சிய மொழியை அரசு ஊதியம் கொடுத்து வேறொருவர் மகனுக்குக் கற்பித்தது.

போருக்குப்பின் துறை பரந்தது. நாவல், திரைப்படம், அரசியற் சிந்தனை ஆகியன பாடத்திட்டத்திற் சேர்ந்தன. அண்மைப் பத்தாண்டுகளில் மாணவர் தொகை குறைந்துவருகின்றது. உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரித் தகுதி பெறுவதற்கான இத்தாலியத் தேர்வு போதிய பரீட்சார்த்திகள் இன்மையால் 2009 இல் இடைநிறுத்தப்பட்டு, இத்தாலிய அரசும் அமெரிக்க இத்தாலியச் சங்கங்களும் பணம் திரட்டியபின் 2012 இல் மீண்டது. கொலம்பியாவின் இத்தாலிய இல்லத்தை 1991 இல் இத்தாலிய அரசே விலைக்கு வாங்கிற்று. ஊர்மொழிகளைப் பொறுத்தவரை, 1979 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் ‘ஆர்பா சிகுலா’ என்ற சங்கம் தோன்றி, சிசிலிய மொழியும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த சஞ்சிகையொன்றை வெளியிட்டுவருகின்றது. அதன் வாசகருட் பலர் சிசிலியத்தை முதன்முதலாக அச்சிற் கண்ட குடியேறியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர்.